பூட்லோடரின் சூழல் மாறிகளை எங்கே வைப்பது: மின்சாரம் போய் வரும் ஊரிலிருந்து ஓர் ஒப்பீடு

2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கொன்று மின்மாற்றியில் பட்டதால் இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றது பலருக்கும் நினைவிருக்கும். மின்சாரம் பகுதி பகுதியாகத் திரும்பிய அன்று பின்னேரம், பேலியகொடைப் பக்கத்தில் ஒரு மீன் களஞ்சியத்தின் குளிரறைகளில் நாங்கள் பொருத்தியிருந்த வெப்பநிலைப் பதிவுப் பெட்டிகளில் ஏழு, விளக்கெரிந்தபடி இருந்தும் வலையமைப்பில் ஒழுங்காகப் பதில் தரவில்லை. ஒன்று சில நொடிகள் பதில் தரும். அது அடங்கியதும் இன்னொன்று பதில் தரும். அங்கே போயிருந்த எங்கள் அணியின் இளைய பொறியியலாளர் தொலைபேசியில் சொன்னது ஒரே வரிதான்: “அண்ணா, ஏழு பெட்டிக்கும் ஒரே மக் அட்ரஸ் காட்டுது.”

அந்த ஒரு வரியிலேயே காரணம் முழுவதும் இருந்தது. எங்கள் பெட்டியில் இருப்பது யூ-பூட் பூட்லோடர், அதாவது மின்சாரம் வந்ததும் முதலில் ஓடி லினக்ஸ் இயங்குதளத்தைத் தொடக்கி வைக்கும் சிறு மென்பொருள். ஒவ்வொரு பெட்டியின் மக் முகவரியும் (வலையமைப்பில் அதை இனங்காட்டும் தனித்துவமான எண்) யூ-பூட்டின் சூழல் மாறிகளில், அதாவது அது சேமித்து வைக்கும் அமைப்பு மதிப்புகளில், ‘ஈத்அட்ரஸ்’ என்ற பெயரில் இருந்தது. லினக்ஸ் தொடங்கும்போது யூ-பூட் அதை டிவைஸ் ட்ரீ என்ற வன்பொருள் விவரப் பட்டியலில் எழுதி, லினக்ஸின் மையமான கர்னலிடம் கொடுக்கும். சூழல் மாறிகளைச் சேமித்து வைத்திருந்த கோப்பு ஏழு பெட்டிகளில் பழுதாகியிருந்தது. அப்படிப் பழுதானால் யூ-பூட் நின்றுவிடாது. தனக்குள்ளே தொகுக்கப்பட்டிருக்கும் இயல்புநிலைச் சூழலை எடுத்துக்கொண்டு மேலே போகும். அந்த இயல்புநிலைச் சூழலில், மேசையில் வைத்துச் சோதித்த முதல் மின்சுற்றுப் பலகையின் மக் முகவரியை நாங்கள் நீக்காமல் விட்டிருந்தோம். ஏழு பெட்டிகளும் அதே முகவரியுடன் எழுந்தன, வலையமைப்பின் சுவிட்ச் அந்த முகவரி எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்பதை ஓயாமல் மாற்றி மாற்றிக் கற்றுக்கொண்டிருந்தது.

பெட்டியின் இரண்டாவது பதிப்பை வடிவமைக்கும் இந்த வேளையில், சூழல் மாறிகளை எங்கே வைப்பது என்ற கேள்வியை முதலிலிருந்து எடுத்துப் பார்த்தோம். அந்த ஒப்பீட்டையே இங்கே எழுதுகிறேன். கொழும்பிலும் வெளியிலும் இத்தகைய பெட்டிகளைச் செய்கிற மற்றவர்களுக்கும் இதே முடிவு முன்னால் நிற்கும்.

யூ-பூட்டின் சூழல் என்பது உண்மையில் மிக எளிய ஒரு பொருள். சேமிப்பிலிருந்து அதை அப்படியே எடுத்துப் பதினறும எண்களாகப் பார்த்தால், முதல் 4 பைட்டுகள் சிஆர்சி-32 சரிபார்ப்பு எண்; இரட்டைப் பிரதி வைத்திருந்தால் 5ஆவது பைட்டு எந்தப் பிரதி செல்லும் என்று காட்டும் ஒரு கொடி; அதற்குப் பிறகு ‘பெயர்=மதிப்பு’ என்ற வரிகள், ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு சுழிய பைட்டு, எல்லாவற்றின் முடிவிலும் இன்னுமொரு சுழியம். இவ்வளவுதான். சிஆர்சி கணக்கிடப்படுவது எழுத்துகளுக்கு மட்டுமன்று, ஒதுக்கிய முழு அளவுக்கும், அதாவது மீதி வெற்றிடத்தையும் சேர்த்து. ஆகவே ஒரேயொரு பிட்டு பிசகினாலும், அல்லது படிக்கும் பக்கத்தில் அளவைத் தவறாகச் சொன்னாலும், முழுச் சூழலும் செல்லாததாகிவிடும். அரைகுறையாகத் தப்புவது என்பது இங்கே இல்லை. எனவே எந்த இடத்தைத் தேர்ந்தாலும் கேட்க வேண்டிய முதற்கேள்வி, எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கையில் என்ன மிஞ்சும் என்பதே.

எங்கள் ஊரில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் கனம் உண்டு. 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலத்தை விட்டுவிடுவோம். சாதாரண நாட்களிலும் ஒரு களஞ்சியத்தில் மின்சாரம் நின்றால், சிறிது நேரத்தில் மின்பிறப்பாக்கி பொறுப்பெடுக்கும், பிறகு வலையமைப்பு மின்சாரம் வரும், சில வேளை வந்ததும் மறுபடி விழும். ஒவ்வொரு மாற்றத்திலும் பெட்டி அணைந்து எழுகிறது. பெட்டி எழும் நேரந்தான் பூட்லோடர் தன் மாறிகளை எழுதும் நேரம். மின்சாரம் மிகக் குறைவாக நம்பத்தக்கதாக இருக்கும் அந்த ஒரு நிமிடத்திலேயே பெட்டி எழுதிக்கொண்டிருக்கிறது என்பதை முதற்பதிப்பைச் செய்தபோது நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை. ஒவ்வொரு தொடக்கத்திலும் ‘பூட்கவுண்ட்’ மாறியை ஒன்றால் கூட்டி ‘சேவ்என்வ்’ கட்டளையால் சேமிக்கும் ஒரு சிறு ஸ்கிரிப்டை நாங்களாகவே எழுதி வைத்திருந்தோம். யூ-பூட்டோடு வரும் பூட்கவுண்ட் வசதி, எண்ணிக்கையைச் சூழலில் வைக்கும்போது, ‘அப்கிரேட்_அவெய்லபிள்’ என்ற மாறி இடப்பட்டிருந்தால் மட்டுமே எழுதும். அதாவது புதிய மென்பொருள் ஏற்றிய பிறகு வரும் சில தொடக்கங்களில் மட்டும். அந்த நிபந்தனை எதற்காக அங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பது எங்களுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைதான் விளங்கியது.

இனி இடங்களுக்கு வருவோம். முதற்பதிப்பில் நாங்கள் தேர்ந்தது, ஃபாட் கோப்பு முறைமையில் அமைந்த ஒரு பார்ட்டிஷனில் (சேமிப்பின் ஒரு பிரிவில்) ஒரு கோப்பு. ராஸ்பெரி பை போன்ற பலகைகளில் யூ-பூட் வழக்கமாகச் செய்வதும் இதுவே, ‘யூபூட்.என்வ்’ என்ற கோப்பு கர்னலுக்குப் பக்கத்திலேயே இருக்கும். மெமரி கார்டைக் கழற்றிக் கணினியில் செருகி, கோப்பை அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம் என்ற வசதி, ஆய்வு மேசையில் வேலை செய்யும் வரை மிகப் பெரியது. ஆனால் ஃபாட் கோப்பு முறைமைக்கு ஜர்னல், அதாவது இடையில் நின்ற எழுத்தைச் சரிசெய்ய உதவும் மாற்றக் குறிப்பு, கிடையாது. கோப்பின் தரவு, ஒதுக்கீட்டு அட்டவணை, அடைவுப் பதிவு ஆகியவை தனித்தனியே எழுதப்படுகின்றன; இடையில் மின்சாரம் நின்றால் அவை ஒன்றோடொன்று பொருந்தாமல் போகலாம். அதைவிடக் கவலைக்குரியது, கர்னல் கோப்பும் அதே பார்ட்டிஷனில் இருப்பதால், ஒரு மாறியை எழுதப் போய்ப் பெட்டி முழுவதும் எழும்பாத நிலைக்கு வரக்கூடும் என்பது. பிற்காலப் பதிப்புகளில் ஃபாட்டிலும் இரண்டாவது கோப்பை மாற்றுப் பிரதியாக வைக்க முடிகிறது. அது மாறிகளைக் காக்கும், ஆனால் இரண்டு கோப்புகளும் நம்பியிருக்கும் அட்டவணையைக் காக்காது. எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் வைக்கும் வழியும் இருக்கிறது. லினக்ஸ் பயன்படுத்தும் ஒரு கோப்பு முறைமையைப் பூட்லோடரும் எழுதுவதை நான் விரும்புவதில்லை. அதை அதற்கு மேல் ஆராயவில்லை.

எஸ்பிஐ நோர் ஃபிளாஷ் என்ற தனி நினைவகச் சிப்பு சிறிதாக இருந்தாலும் இந்த வேலைக்கென்றே பிறந்தது போன்ற ஒன்று. அதற்கும் உங்களுக்கும் இடையில் வேறொரு கட்டுப்படுத்தி இல்லை. எந்த முகவரியை அழித்தீர்களோ அது மட்டுமே அழிகிறது. அதில் இரட்டைப் பிரதி எப்படி வேலை செய்கிறது என்பதைச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும். நோர் ஃபிளாஷில் 1 ஆக இருக்கும் பிட்டை அழிக்காமலே 0 ஆக்கலாம். 0 ஐ 1 ஆக்கத்தான் செக்டர் எனப்படும் அழிப்புத் துண்டு முழுவதையும் அழிக்க வேண்டும். யூ-பூட் இதைப் பயன்படுத்திக்கொள்கிறது. இரண்டு பிரதிகளில் இப்போது செல்லுபடியாகாத பிரதியின் இடத்தை அழிக்கும். புதிய சூழலை அங்கே முழுவதும் எழுதும். அது முடிந்த பிறகே பழைய பிரதியின் கொடி பைட்டை 1 இலிருந்து 0 ஆக்கி, அதைக் காலாவதியானதாக்கும். அழிக்கும் நடுவிலோ எழுதும் நடுவிலோ மின்சாரம் போனால் புதியதன் சிஆர்சி பொருந்தாது, பழையது அப்படியே இருக்கும். எழுதி முடித்துக் கொடியை மாற்றுவதற்கு முன்பு போனால் இரண்டுமே செல்லுபடியாக நிற்கும். கொடி சிஆர்சி கணக்கில் சேராது. யூ-பூட் ஒன்றை எடுத்துக்கொள்ளும். அது பழையதாகவும் இருக்கலாம், புதியதாகவும் இருக்கலாம், ஆனால் எதுவாயினும் முழுமையானது. ஏழு பெட்டிகளின் கதை இங்கே நடந்திருக்காது.

தேய்மானத்தையும் கணக்கிட்டுப் பார்த்தோம். இத்தகைய சிப்புகளுக்குத் தயாரிப்பாளர்கள் செக்டர் ஒன்றுக்கு 1,00,000 அழிப்புகள் வரை உறுதி சொல்வது வழக்கம். இரண்டு பிரதிகள் மாறி மாறி எழுதப்படுவதால் 2,00,000 சேமிப்புகள். மணிக்கு ஒரு தடவை சேமித்தால் 22 ஆண்டுகளுக்கு மேல் வரும். ஆனால் நிமிடத்துக்கு ஒரு தடவை எழுதும் பழக்கம் எவருக்காவது இருந்தால் 139 நாட்களில் முடிந்துவிடும். ஆகவே பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது மாறிக்கொண்டேயிருக்கும் எந்த எண்ணையும் சூழலில் வைக்கக் கூடாது. அழிப்பதற்கு எடுக்கும் நேரத்தையும் பார்க்க வேண்டும். வின்பாண்ட் டபிள்யூ25கியூ128 போன்ற சிப்பில் 4 கிலோபைட்டு செக்டரை அழிக்க வழமையாக 45 மில்லிநொடி, 64 கிலோபைட்டுத் தொகுதியை அழிக்க 150 மில்லிநொடி. உச்ச வரம்புகளோ 400 மில்லிநொடியும் 2 நொடியும். சூழலை 8 அல்லது 16 கிலோபைட்டுக்குள் அடக்கி 4 கிலோபைட்டு செக்டர்களாக அழித்தால், மின்தடைக்கு அகப்படும் இடைவெளியே சுருங்கிவிடுகிறது.

ஆனால் அந்தச் சிறிய செக்டர்களில் ஒரு பொறி உண்டு. லினக்ஸ் பக்கத்திலிருந்து மாறிகளை மாற்றும் ‘எஃப்டபிள்யூ_செட்என்வ்’ கருவி, தன் அமைப்புக் கோப்பில் சாதனம், தொடக்க இடம், சூழலின் அளவு, செக்டர் அளவு, செக்டர் எண்ணிக்கை என்ற வரிசையில் எழுதப்பட்டிருப்பதையே நம்புகிறது. யூ-பூட் 4 கிலோபைட்டாக அழிக்கும்படியும், லினக்ஸ் கர்னல் அதே சிப்பை 64 கிலோபைட்டாக அழிக்கும்படியும் அமைந்திருப்பது சாதாரணமாக நடக்கக்கூடியது. இரண்டு பிரதிகளும் அடுத்தடுத்து ஒரே 64 கிலோபைட்டுக்குள் இருந்தால், லினக்ஸிலிருந்து ஒரு பிரதியை அழிக்கும்போது மற்றதும் சேர்ந்தே போகும். காப்புக்காக வைத்த இரண்டாவது பிரதி பெயருக்கு மட்டுமே இருந்திருக்கும். இதைத் தவிர்க்க ஒவ்வொரு பிரதியையும் தனித்தனி 64 கிலோபைட்டு எல்லையில் தொடங்கச் செய்கிறோம். சிப்பில் இடம் வீணாவதைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. கர்னல் எந்த அளவில் அழிக்கிறது என்பதை ‘/புரொக்/எம்டிடி’ கோப்பில் பார்த்துக்கொள்ளலாம். பலகை மாறும்போதெல்லாம் பார்க்க வேண்டும்.

எங்கள் பலகையில் இஎம்எம்சி (ஃபிளாஷும் அதன் கட்டுப்படுத்தியும் ஒன்றாக அமைந்த சேமிப்புச் சிப்பு) ஏற்கனவே இருப்பதால், தனியாக நோர் சிப்பு எதற்கு, அதிலேயே கோப்பு முறைமை இல்லாமல் நேரடியாக எழுதலாமே என்பது அணியில் எழுந்த நியாயமான கேள்வி. செலவு மிச்சம், பலகையில் இடமும் மிச்சம். இதில் இரண்டு வழிகள். பயனர் பகுதியில், முதல் பார்ட்டிஷனுக்கு முன்னுள்ள வெற்றிடத்தில் வைக்கலாம். அதே வெற்றிடத்தில்தான் பல பலகைகளில் யூ-பூட்டின் இருமக் கோப்பும் இருக்கும். ஒரு புதுப்பிப்பில் அந்தக் கோப்பு சில நூறு கிலோபைட்டு வளர்ந்தால், அது சூழலின் மேலேயே போய் உட்கார்ந்துவிடும். அப்படி நடக்கும்போது யூ-பூட் எந்தக் குற்றமும் சொல்லாது. அடுத்த தொடக்கத்தில் சிஆர்சி தவறு என்ற எச்சரிக்கை சீரியல் கொன்சோலில் (கம்பியால் இணைத்துப் பலகையின் செய்திகளைப் பார்க்கும் திரையில்) ஒரு வரியாக ஓடி மறையும், அவ்வளவுதான். இரண்டாவது வழி, இஎம்எம்சியின் பூட் பார்ட்டிஷன்களில் வைப்பது. பயனர் பகுதியை எப்படிப் பிரித்தாலும் இவை தொடப்படுவதில்லை. லினக்ஸ் இவற்றை இயல்பாகவே எழுத முடியாதவையாக வைத்திருக்கிறது, ‘ஃபோர்ஸ்_ஆர்ஓ’ என்ற கோப்பில் 0 எழுதினால்தான் திறக்கும். தவறான ஒரு கட்டளையிலிருந்து காக்கும் நல்ல பூட்டு இது. ஒரு பிரதியை முதலாவது பூட் பார்ட்டிஷனிலும் மற்றதை இரண்டாவதிலும் வைக்கவும் புதிய யூ-பூட் இடமளிக்கிறது.

இஎம்எம்சியில் எனக்குள்ள தயக்கம் வேறு. அங்கே உண்மையான ஃபிளாஷை நாம் தொடுவதில்லை. உள்ளிருக்கும் கட்டுப்படுத்தி எங்கே எழுதுகிறது, எதை எப்போது இடம் மாற்றுகிறது என்பது நமக்குத் தெரியாது. தேய்மானத்தை அதுவே பகிர்ந்துகொள்வது நன்மை. ஆனால் எழுதும் நடுவில் மின்சாரம் நின்றால், நாம் எழுதாத வேறு முகவரியின் தரவும் பாதிக்கப்படாது என்பதற்கு எல்லாச் சிப்புகளும் ஒரே அளவு உறுதி தருவதில்லை. நல்ல தயாரிப்பாளரின் இஎம்எம்சியையும், மின்சாரத்தைச் சில பத்து மில்லிநொடிகளுக்குத் தாங்கிப் பிடிக்கும் மின்தேக்கிகளையும் போட்டால் இது ஏற்கத்தக்க இடமே. நோர் சிப்பு வைக்க முடியாத பலகைக்கு நான் இதையே பரிந்துரைப்பேன்.

ஃபிளாஷின் இன்னொரு வகையான நாண்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும், எங்கள் பலகையில் அது இல்லை. நேரடியாக எழுதினால் பழுதான தொகுதிகளைத் தாண்டிப் போவதற்கு ஒரு வீச்சையே ஒதுக்க வேண்டும். அதைவிட லினக்ஸிலும் யூ-பூட்டிலும் உள்ள யூபிஐ என்ற ஃபிளாஷ் மேலாண்மை அடுக்கின் மேல் இரண்டு வால்யூம்களாக வைப்பது சிறந்தது, பழுதான தொகுதிகளையும் தேய்மானத்தையும் யூபிஐ பார்த்துக்கொள்ளும். பேர்பாக்ஸ் பூட்லோடரையும் பார்த்தோம். தொடக்கத்தின்போது மாறும் நிலைகளைச் சூழலிலிருந்து பிரித்து, ‘ஸ்டேட்’ என்ற தனிப் பொறியமைப்பில், டிவைஸ் ட்ரீயில் வகை வகையாக விவரித்து வைக்கும் அதன் முறை, நான் பார்த்தவற்றில் மிகத் தெளிவானது. பூட்லோடரையே மாற்றும் நேரம் எங்களிடம் இருக்கவில்லை. ஆனால் அந்தப் பிரிவினையை எங்கள் பலகைக்கும் கடன் வாங்கிக்கொண்டோம்.

ஏனென்றால், எல்லா இடங்களையும் ஒப்பிட்டு முடித்தபோது, தவறு இடத்தில் மட்டும் இல்லை என்பது தெரிந்தது. மூன்று வேறு வேறு பொருள்களை ஒரே மூட்டையில் கட்டியிருந்தோம். மக் முகவரி தொழிற்சாலையில் ஒரு தடவை எழுதப்பட்டு வாழ்நாள் முழுவதும் மாறக் கூடாதது. ‘பூட்சிஎம்டி’ முதலான தொடக்க ஸ்கிரிப்டுகள் யூ-பூட்டின் பதிப்போடு மாற வேண்டியவை. எந்தப் பார்ட்டிஷனிலிருந்து தொடங்குவது, எத்தனை தடவை முயன்றோம் என்பவை மட்டுமே களத்தில் மாறுபவை. ‘சேவ்என்வ்’ என்று ஒரு தடவை சொன்னால் மூன்றும் சேர்ந்தே எழுதப்படும். மூன்றாவதை எழுதப் போய் முதலாவதை இழந்தோம். இரண்டாவதாலும் எங்களுக்கு ஏற்கனவே தொல்லை இருந்தது: யூ-பூட்டைப் புதுப்பித்துப் புதிய ‘பூட்சிஎம்டி’ அனுப்பினாலும், சேமிக்கப்பட்ட பழைய சூழலே மேலேறி வந்து பழைய ஸ்கிரிப்டையே ஓட்டும். மேசையில் சரியாக வேலை செய்த திருத்தம் களத்தில் வேலை செய்யாமல் இரண்டு நாட்கள் தேடியது இதனால்தான்.

யூ-பூட்டில் இதற்கு ஒரு வழி உண்டு. எழுதத்தக்க மாறிகளின் பட்டியல் என்ற அமைப்பை இயக்கினால், பட்டியலில் உள்ள மாறிகள் மட்டுமே சேமிப்பிலிருந்து ஏற்கப்படும். மற்ற எல்லாம் தொகுக்கப்பட்ட இயல்புநிலையிலிருந்தே வரும். பாதுகாப்புக்கும் இது அவசியம். கர்னலைக் கையொப்பமிட்டுச் சரிபார்த்தாலும், சேமிக்கப்பட்ட சூழலை எவரும் கையொப்பமிடுவதில்லை; அதில் கர்னலுக்கான தொடக்கக் கட்டளைகளைத் தாங்கும் ‘பூட்ஆர்க்ஸ்’ மாறியை மாற்றி, லினக்ஸ் தொடங்கியதும் நேரே ஒரு ஷெல்லைத் திறக்கச் செய்வது ஒரு வரி வேலை. களத்தில் எதுவுமே மாறத் தேவையில்லாத சாதனத்துக்குச் சூழலை எங்கும் சேமிக்காமல் விடுவதே எல்லாவற்றிலும் உறுதியானது. எங்கள் பெட்டிக்கு ஏ, பி என இரண்டு பார்ட்டிஷன்களில் மாறி மாறிப் புதுப்பிக்கும் முறை வேண்டும் என்பதால், அந்த வழி அடைபட்டது. புதுப்பிக்கும் மென்பொருளைத் தேரும்போதும் இதே கணக்கைப் பார்க்க வேண்டும்: ரோக் என்ற புதுப்பிப்பு மென்பொருளோடு வழக்கமாகப் பயன்படும் யூ-பூட் ஸ்கிரிப்ட், மீதமுள்ள முயற்சிகளின் எண்ணிக்கையை ஒவ்வொரு தொடக்கத்திலும் குறைத்துச் சேமிக்கிறது. நோர் சிப்பில் இரட்டைப் பிரதியோடு அது தாங்கும். ஃபாட் கோப்பில் அதை நான் செய்யமாட்டேன்.

எனவே இரண்டாவது பதிப்பு இப்படி அமைகிறது. மக் முகவரிக்கு மைக்ரோசிப்பின் 24ஏஏ02இ48 என்ற சிறிய ஈஈபுரொம் நினைவகச் சிப்பு. தனித்துவமான 48 பிட்டு முகவரி தொழிற்சாலையிலேயே எழுதப்பட்டு, நிரந்தரமாக எழுத முடியாத பாதியில் இருக்கிறது. தொடக்க ஸ்கிரிப்டுகள் யாவும் யூ-பூட்டுக்குள்ளேயே தொகுக்கப்படுகின்றன. எஸ்பிஐ நோர் சிப்பில் இரட்டைப் பிரதியாக, எழுதத்தக்க பட்டியலில் நான்கே மாறிகள். இயல்புநிலைச் சூழலில் எந்த மக் முகவரியும் இல்லை. ஈஈபுரொம்மைப் படிக்க முடியாத பெட்டி, பக்கத்துப் பெட்டியின் பெயரில் பேசுவதைவிட வலையமைப்புக்கு வராமலே இருக்கட்டும்.

வெள்ளவத்தையில் உள்ள எங்கள் சிறு வேலைத்தளத்தில் இப்போது ஒரு பலகை ரிலே ஒன்றோடு இணைக்கப்பட்டிருக்கிறது. பலகை எழத் தொடங்கியதிலிருந்து ஏதோ ஒரு தற்செயலான மில்லிநொடியில் ரிலே மின்சாரத்தை வெட்டும், சற்றுப் பொறுத்து மறுபடி கொடுக்கும், சீரியல் கொன்சோலில் வரும் ஒவ்வொரு வரியையும் ஒரு கணினி பதிந்துகொள்ளும். சோதனைக்காக ஒவ்வொரு தொடக்கத்திலும் சூழலை எழுதும்படி வைத்திருக்கிறோம். இரண்டு பிரதிகளும் ஒரே நேரத்தில் செல்லாமல் போன ஒரு தொடக்கம் அந்தப் பதிவில் வந்தால், பலகை அச்சுக்குப் போகாது.